ஏலக்காய் ஸ்டோரில் ஒரு பாடவேளை



கேரளத்து இடுக்கி மலையில் மழை பிடித்துவிட்டது. பள்ளிகளும் திறந்தாயிற்று. நெடுங்கண்டத்திலும் ராஜாக்காட்டிலும் பூப்பாறையிலும் அக்ஷயா மையங்களின் வாசலில் குடையும் கையுமாகப் பெற்றோர் நிற்கிறார்கள். பிளஸ் ஒன் அலாட்மென்ட் பட்டியலில் பிள்ளையின் பெயர் எந்தப் பள்ளியில், எந்தப் பிரிவில் விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த மாதம் நமக்கு வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்வியும் அதை ஒட்டியதுதான். பிள்ளைக்கு வி.எச்.எஸ்.இ. என்ற தொழிற்கல்வி மேல்நிலைப் படிப்பு கிடைத்திருக்கிறது, சேர்க்கலாமா? அல்லது தமிழ்நாட்டுப் பக்கம் போடிக்கோ கம்பத்துக்கோ அனுப்பி, சொந்தக்காரர் வீட்டில் தங்கவைத்து, சாதாரணப் பிளஸ் ஒன்னே படிக்கவைக்கலாமா?

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகச் சேர்க்கலாம். வி.எச்.எஸ்.இ. முடித்தவருக்குக் கிடைப்பது பிளஸ் டூவுக்குச் சமமான சான்றிதழ். கூடவே ஒரு தொழிலுக்கான திறன் சான்றிதழும் வருகிறது. இயற்பியல், வேதியியல், கணிதம் சேர்ந்த பிரிவு உண்டு. உயிரியல் சேர்ந்தது உண்டு. வரலாறு, பொருளாதாரம் கொண்டதும், வணிகவியல் கொண்டதும் உண்டு. ஆகவே பட்டப் படிப்புக்கான வாசல் அடைபடுவதில்லை. கணிதப் பிரிவு எடுத்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர விண்ணப்பிக்கவும் வழியிருக்கிறது. நெடுங்கண்டத்திலேயே அரசு பாலிடெக்னிக்கும் கட்டப்பனையில் அரசு ஐ.டி.ஐ.யும் இருக்கும்போது, இதற்காக மலை இறங்க வேண்டியதும் இல்லை.

"மார்க் இல்லாத பிள்ளைகள் போகிற இடம்" என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அது ஊர்ப்பேச்சு, அலாட்மென்ட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஆனால் மார்க்குக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு தயக்கம் இருக்கிறது. அதை அப்படித் தள்ளிவிட முடியாது. விவசாயப் பிரிவு கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் தாய்மார் பலருடைய முகம் மாறிவிடுகிறது. காலம் பூராவும் காட்டுக்குள் குனிந்து ஏலக்காய் எடுத்தது நாங்கள், பிள்ளைக்கும் அதையேதான் பாடமாக வைப்பீர்களா என்பது அந்த முகத்தில் இருக்கும் கேள்வி. வாயைத் திறந்து கேட்பவர்களும் உண்டு.

அந்தக் கேள்விக்கு வயது எழுபதுக்கு மேல். 1953-இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த ராஜாஜி, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கு ஒரு வேளைதான் பள்ளிக்கூடம். மற்ற வேளையில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத காலத்தில் இரண்டு ஷிப்டாக அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு சொன்ன காரணம். சிரைப்பவர் மகன் சிரைக்கவும், வெளுப்பவர் மகன் வெளுக்கவும் சட்டம் போடுகிறார்கள் என்பது எதிர்த்தவர்கள் கண்ட பொருள். அவர்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள்; அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மறுவருடமே ராஜாஜி பதவி விலகினார். 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராஜர் சீக்கிரமே அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

இந்த மலை அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. ராஜாஜியின் ஆணை இங்கே செல்லுபடியாகாது. ஆனால் இங்கே காடு வெட்டவும் ஏலம் நடவும் வந்தவர்கள் மதுரைச் சீமையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்தவர்கள். மூட்டை முடிச்சோடு அந்தச் சந்தேகத்தையும் தூக்கிக்கொண்டுதான் மேட்டில் ஏறினார்கள். 2023-இல் மத்திய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியபோது தமிழ்நாடு அதை ஏற்க மறுத்து, 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லாமல், கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக ஒன்றை வைத்துக்கொண்டதற்குப் பின்னாலும் அதே 1953 நிற்கிறது. நம் தாய்மார்கள் தொழிற்கல்வியைச் சந்தேகிப்பது அறியாமையால் என்று யாராவது மேடையில் பேசினால், அவருக்கு இந்த வரலாற்றைக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்.

தொழிற்கல்வி என்றால் அப்பாவும் அம்மாவும் செய்கிற வேலைக்கே பிள்ளையைத் திருப்பி அனுப்புவது என்று ஆகிவிட்டால், அந்தத் தாய் சொல்வதுதான் சரி. அந்த வேலையைச் சுற்றி, அதைவிட ஒரு படி மேலே, அறிவும் சம்பளமும் கூடிய வேலைகள் எத்தனை இருக்கின்றன என்று பிள்ளைக்குக் காட்டுவதாக இருந்தால் கதை வேறு. எது நடக்கும் என்பதைப் பாடத்திட்டம் தீர்மானிப்பதில்லை. பணம் எதற்காக வருகிறது, எதற்காக வராமல் போகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தில் பணத்தைப் பற்றி எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் 1978-இல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்பிரிவும் கூடவே வந்தது. கேரளத்தில் 1983-84-இல் 19 பள்ளிகளில் ஆரம்பித்தார்கள். மத்திய அரசு தன் பங்குக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது அதற்கும் பிறகு, 1988-இல். அதாவது மாநிலங்கள் தங்கள் பையிலிருந்து செலவு செய்து தொடங்கிவைத்த காரியம் இது. இன்று கேரளத்தில் வி.எச்.எஸ்.இ. நடத்தும் பள்ளிகள் 389. இதில் 261 அரசுப் பள்ளிகள், 128 உதவி பெறும் பள்ளிகள். பழைய பாடங்களை எடுத்துவிட்டு, தேசியத் திறன் தகுதிச் சட்டகம் என்று டெல்லி வகுத்த வரிசைப்படி, ஒவ்வொரு படிப்பையும் ஒரு குறிப்பிட்ட வேலையின் பெயரில் படிப்படியாக மாற்றிவிட்டார்கள். இயற்கை விவசாயி, தோட்டப் பராமரிப்பாளர், சொட்டுநீர்ப் பாசனத் தொழில்நுட்பர் என்று இப்போதைய படிப்புகளின் பெயர்களே வேலை விளம்பரம்போல இருக்கும்.

2018-19 முதல் பள்ளிக்கூடச் செலவுக்கான மத்திய நிதியில் பெரும்பகுதி சமக்ர சிக்ஷா என்ற ஒரே குழாய் வழியாக வருகிறது. நூறு ரூபாய் செலவென்றால் அறுபது டெல்லியுடையது, நாற்பது மாநிலத்துடையது. இந்தப் பணத்தில் தொழிற்கல்விக்கு இரண்டு வகை உண்டு. கட்டடம், கருவி, மேசை நாற்காலி என்று ஒரே தடவை வருவது ஒன்று. பயிற்றுநர் சம்பளம், மூலப்பொருள், வெளியே கூட்டிப்போய்க் காட்டும் செலவு என்று வருடா வருடம் வர வேண்டியது மற்றொன்று. முதல் வகைக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு, போட்டோ உண்டு. இரண்டாவது வகைக்கு இவை எதுவும் கிடையாது. ஒரு பள்ளியில் தொழிற்கல்வி உருப்படுவதும் உருப்படாமல் போவதும் இந்த இரண்டாவது வகைப் பணத்தில்தான் இருக்கிறது. வெல்டிங் மெஷின் ஒரு முறை வாங்கினால் பத்து வருடம் கிடக்கும். வெல்டிங் கம்பி மாதா மாதம் வாங்க வேண்டும். கம்பி வாங்கப் பணமில்லாத பள்ளியில், மெஷினைத் துணி போட்டு மூடிவைத்துக்கொண்டு பலகையில் படம் போட்டுத்தான் பாடம் நடத்த முடியும்.

சம்பளத்துக்கு அடுத்த மாநிலத்திலிருந்து ஓர் உதாரணம். 2012-இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி, தோட்டக்கலை, இசை ஆகியவற்றைச் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. மாதம் 5,000 ரூபாய். மே மாதம் பள்ளி இல்லை, ஆகவே மே மாதச் சம்பளமும் இல்லை. பன்னிரண்டு வருடம் போராடி, 2024-இல் அந்தத் தொகை 12,500 ஆயிற்று. இதற்கிடையில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். கைத்தொழில் தெரிந்த ஒருவரைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்துவிட்டு, ஏப்ரல் முடிந்ததும் வீட்டுக்குப் போ என்றால், ஜூனில் அவர் திரும்பி வந்தால்தான் ஆச்சரியம். கைதேர்ந்த ஓர் எலக்ட்ரீஷியனுக்கு வெளியே ஒரே வாரத்தில் அந்தப் பணம் கிடைத்துவிடும்.

உலக வங்கிக் கடனோடு வந்த ஸ்டார்ஸ் என்ற திட்டம் இன்னொன்று. 2020-இல் ஒப்புதல் பெற்ற இத்திட்டத்தில் ஆறு மாநிலங்கள் இருந்தன, கேரளமும் ஒன்று. அதன் பணத்தில் நம் மாநிலம் நல்ல சில காரியங்கள் செய்தது. நடுநிலைப் பள்ளிகளில் கிரியேட்டிவ் கார்னர் என்று ஒரு மூலை ஒதுக்கி, ஐந்திலிருந்து ஏழு வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சமையல், தச்சு, குழாய் வேலை, மின்வேலை, தையல், விவசாயம் எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்க்க வைத்தார்கள். பையன் மாவு பிசைவான், பெண் சுவிட்ச் போர்டு மாட்டுவாள். குலக்கல்வி என்ற பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எல்லாப் பிள்ளைகளும் எல்லா வேலையையும் பழகும்போது எந்த வேலையும் எந்தச் சாதிக்கும் சொந்தமில்லை. என் கவலை ஒன்றுதான்: ஸ்டார்ஸ் ஐந்து வருடத் திட்டம். திட்டத்துக்கு முடிவு தேதி இருக்கலாம், பள்ளிக்கூடத்துக்கு இருக்க முடியாதே.

குழாய் என்று சொன்னேன். அதை மேலே உட்கார்ந்து அடைக்கவும் முடியும் என்று கடந்த சில வருடங்களில் பார்த்தோம். மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடாததால், 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா பணம் 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கேரளத்துக்கும் அதே நெருக்கடி. 2025 அக்டோபர் 23-ஆம் தேதி கேரளம் கையெழுத்துப் போட்டது. ஆளும் கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பி, ஒரு வாரத்துக்குள் அதை நிறுத்திவைக்க முடிவு செய்தது. பி.எம். ஸ்ரீயோடு சேர்ந்து வரும் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்பதா வேண்டாமா என்பது பெரிய அரசியல் கேள்வி; அதில் மாநிலங்கள் எழுப்பும் ஆட்சேபங்களில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் ஒரு திட்டத்தில் கையெழுத்து வாங்க இன்னொரு திட்டத்தின் பணத்தைப் பிடித்துவைப்பது நியாயமில்லை. பணம் நின்றால் முதலில் நிற்பது எது? கட்டடம் அப்படியே இருக்கும், நிரந்தர ஆசிரியருக்குச் சம்பளம் வந்துவிடும். வெல்டிங் கம்பியும் ஒப்பந்தப் பயிற்றுநரும்தான் நிற்பார்கள்.

அந்தக் கல்விக் கொள்கையிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. இப்போது தொழிற்கல்வி பற்றிய எல்லா மேடைப் பேச்சுகளிலும் அதைக் கேட்கலாம். முறையான தொழிற்கல்வி பெற்ற இளம் தொழிலாளிகள் அமெரிக்காவில் 52 சதவீதம், ஜெர்மனியில் 75, தென்கொரியாவில் 96, இந்தியாவில் 5-க்கும் கீழே. கணக்கு அப்படியே இருக்கட்டும். ஆனால் சாந்தன்பாறையில் டிராக்டரும் ஜெனரேட்டரும் கழற்றிப் பூட்டுகிற பையனுக்கு, உடும்பஞ்சோலையில் ஏலக்காய் ஸ்டோர் பார்க்கிற ஆளுக்கு, அந்தக் கணக்கில் இடமில்லை. முறையாகப் படிக்காதவர்கள் என்பதால் திறமை இல்லாதவர்கள் வரிசையில் போய்விடுகிறார்கள்.

ஏலக்காய் ஸ்டோரை உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? நம் வாசகர்களில் பாதிப் பேருக்கு அது வீடு மாதிரி. மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். காட்டிலிருந்து சாக்கில் வந்த பச்சைக்காயை முதலில் நன்றாகக் கழுவ வேண்டும். பச்சை நிறம் மங்காமலிருக்க, நூறுக்கு இரண்டு என்ற கணக்கில் சலவை சோடா கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறப்போடுவது ஒரு முறை. பிறகு தட்டுகளில் ஒரே அடுக்காகப் பரப்பி, தட்டுகளை வரிசை வரிசையாக உலர்த்தும் அறைக்குள் ஏற்றுவார்கள். அறைக் கதவைத் திறந்ததும் கண் எரியும், மூக்கு அடைபட்டதெல்லாம் திறந்துகொள்ளும். அப்படி ஒரு மணம். உள்ளே வெப்பம் 45-இலிருந்து 55 டிகிரிக்குள் நிற்க வேண்டும். முதல் சில மணி நேரம் காயிலிருந்து தண்ணீர் ஆவியாகக் கொட்டும். அந்த ஈரக்காற்றை வெளியே விடவில்லையென்றால் காய் வெந்ததுபோலாகி நிறம் போய்விடும். அதிகமாகத் திறந்துவிட்டாலோ சூடு இறங்கிவிடும், விறகும் கரண்டும் வீண். வெப்பம் எல்லை மீறினால் காய் வெடிக்கும், வாசனை எண்ணெய் பறந்துவிடும். ஒரு நாளோ அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவோ இப்படிக் காவல் காத்தால், எடையில் ஏறத்தாழ எண்பது சதவீதம் தண்ணீராக இருந்த காய் பத்து, பன்னிரண்டு சதவீத ஈரத்துக்கு வந்து நிற்கும். ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்ந்த காயாகும். சூட்டோடு தேய்த்து வாலையும் காம்பையும் நீக்கி, சல்லடையில் போட்டு, எட்டு மில்லிமீட்டருக்கு மேல், ஏழுக்கு மேல் என்று தரம் பிரிப்பார்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போய், கையில் நாலு காயை எடுத்து ஆட்டி, சத்தத்தைக் கேட்டே "இன்னும் மூணு மணி நேரம் ஓடணும்" என்று சொல்கிற ஆட்கள் இந்த உடும்பஞ்சோலைத் தாலுகாவில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பத்தாம் வகுப்பைப் பார்க்காதவர்கள். ஆனால் அவர்கள் செய்துகொண்டிருப்பது இயற்பியல். ஆவியாதலும் காற்றோட்டமும் வெப்பமும். சோடா ஊறல் வேதியியல். ஐந்துக்கு ஒன்று, சல்லடைத் தரம், கிலோ விலை, கூலி, விறகுச் செலவு எல்லாம் கணக்கு. காய் இங்கிருந்து போகிற இடம் புற்றடியிலோ போடிநாயக்கனூரிலோ நடக்கும் ஏலம். 2007 முதல் அது கம்ப்யூட்டர் ஏலம். சாம்பிளைப் பார்த்துவிட்டு வியாபாரிகள் திரையில் விலை போடுகிறார்கள். 2019 ஆகஸ்ட்டில் புற்றடியில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த விலை ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்பது ஒரு முழுப் பருவத்துக்கான பொருளாதாரப் பாடம். மருந்து மிச்சம் காயில் தங்கியதால் வெளிநாட்டில் சரக்குத் திரும்பியது இன்னொரு பாடம். அதைப் பரிசோதிக்கத் தெரிந்த ஒரு பெண், அம்மாவின் கூலியைப்போலச் சில மடங்கு சம்பாதிக்க முடியும். காட்டுக்குள் குனிய வேண்டியதும் இல்லை.

லயத்துத் தாய்க்கு நான் சொல்ல விரும்பும் பதில் இதுதான். உங்கள் பிள்ளைக்குக் காய் எடுக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அது உங்களுக்கே தெரியும். ஸ்டோரையும் ஆய்வுக்கூடத்தையும் ஏல மையத்தின் கணக்கையும் சொல்லிக்கொடுக்கட்டும்.

இதற்கு வேண்டிய வாத்தியார்களுக்கும் பஞ்சமில்லை. பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் 1956-இலிருந்து இருக்கிறது. மயிலாடும்பாறையில் நறுமணப் பொருள் வாரியத்தின் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிறுவனம் 1978-இலிருந்து இருக்கிறது. ஒரே தாலுகாவுக்குள் இப்படி இரண்டு நிறுவனங்கள் நாட்டில் வேறெங்கே இருக்கும்? போதாக்குறைக்கு, இன்று இந்த மலையெங்கும் நிற்கும் ஞள்ளானி ரகத்தை உருவாக்கியது எந்த நிலையமும் இல்லை. கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப். அதிகம் காய்த்த செடிகளை வருடக்கணக்காகக் கவனித்துப் பொறுக்கி, பிரித்து நட்டுப் பெருக்கினார். தேர்ந்தெடுத்துப் பெருக்குதல் என்று உயிரியல் புத்தகத்தில் ஒரு பாடம் வரும். அது நடந்த இடம் நம் பஸ் ரூட்டில் இருக்கிறது.

பணம் கொடுப்பதற்கு முன்னால் ஊரைக் கேட்பது என்று ஒரு வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளித் தொழிற்கல்விக்கு மத்திய அரசு மாநிலங்களுக்கு மானியம் தரத் தொடங்கியது 1917-இல், ஸ்மித்-ஹியூஸ் சட்டத்தின் மூலம். டெல்லியின் அறுபது-நாற்பது மாதிரி அங்கே அப்போது ஒரு டாலருக்கு மாநிலம் ஒரு டாலர் போட வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் தொழில் படிக்கும் பிள்ளைகளைத் தனியே ஒதுக்கிவைத்துவிட்டது என்ற குறை அங்கேயும் நெடுங்காலம் பேசப்பட்டது; ஏழைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் பட்டறைக்கு, மற்றவர்கள் கல்லூரிக்கு என்று. நம் 1953-க்குத் தூரத்துச் சொந்தம். இப்போது அங்கே நடப்பிலிருக்கும் 2018-ஆம் ஆண்டின் பெர்கின்ஸ் சட்டத் திருத்தத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. மானியம் வாங்கும் உள்ளூர்க் கல்வி அமைப்பு, இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது உள்ளூரில் என்னென்ன வேலை இருக்கிறது, பிள்ளைகளுக்கு என்ன தேவை என்று கணக்கெடுக்க வேண்டும். அதில் ஆசிரியர், பெற்றோர், மாணவர், உள்ளூர் முதலாளிகள் எல்லோரையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். அதற்குப் பிறகுதான் பணம் எதற்கு என்ற பேச்சு. அமெரிக்காவில் இருப்பதெல்லாம் நமக்கு வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த ஒரு நிபந்தனை மட்டும் நமக்கும் இருந்தால், மலைமேல் ஒரு பள்ளிக்குக் கடலோரப் பள்ளிக்கு வந்த அதே படிப்பு வராது.

ஊரைக் கேட்டால் மொழியும் வெளியே வரும். பத்தாம் வகுப்பு வரை நம் பிள்ளைகள் தமிழில் படிக்கலாம், கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாளே தமிழிலும் வருகிறது. பிளஸ் ஒன்னில் புத்தகம் ஆங்கிலத்துக்கு மாறுகிறது, வாத்தியார் விளக்குவது மலையாளத்துக்கு மாறுகிறது. பேச்சு மலையாளம் நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. எழுத்தும் தொழில்நுட்பச் சொல்லும் அப்படியில்லை. கம்பத்துக்கும் போடிக்கும் பிள்ளைகளை இறக்கிவிடுவதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் இதுதான். இறங்கிப் போனால் அங்கே வேறு கணக்கு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். பத்து வரை உடும்பஞ்சோலையில் படித்துவிட்டு பிளஸ் ஒன்னுக்குப் போடி போன பிள்ளைக்கு அந்த ஆறிலிருந்து பத்து வரையான வருடங்கள் கணக்கில் வராது. தமிழ்நாட்டைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் தங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

இந்தப் பக்கம் நின்றுவிட்டால் மட்டும் எல்லாம் சரியா? கேரளத்தில் பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஈ-கிராண்ட்ஸ் வழியாக உதவித்தொகை உண்டு. அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு, 1950-க்கு முன்பே குடும்பம் இந்த மாநிலத்தில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். எஸ்டேட் லயத்தில் பிறந்து, லயத்திலேயே செத்துப்போன தாத்தாவுக்குப் பட்டா ஏது, ஆதாரம் ஏது? மூன்று தலைமுறையாக இந்த மலையில் இருக்கும் குடும்பத்தின் பிள்ளை, தாசில்தார் அலுவலகத்தில் மட்டும் நேற்று வந்தவனாகிவிடுகிறான். பழைய எஸ்டேட் பதிவேடு, பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டு, சர்ச் அல்லது கோயில் ஏடு, எதுவானாலும் வீட்டில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். தொழிற்கல்விக்குக் கோடிகள் ஒதுக்குவதைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும், இந்த ஒரு தாள் இல்லாத பிள்ளைக்கு அந்தக் கோடியில் பத்துப் பைசா வந்து சேராது.

இனி நம்மால் ஆகக்கூடியது. கேரளத்தில் அரசு உயர்நிலைப் பள்ளிகளும் வி.எச்.எஸ்.இ.யும் உள்ளாட்சி ஏற்பாட்டில் மாவட்டப் பஞ்சாயத்தின் பொறுப்பில் வருகின்றன. நமக்கு அது பைனாவில் இருக்கிறது. கட்டடத்துக்கும் பட்டறைக்கும் கருவிக்கும் மாவட்டப் பஞ்சாயத்தின் திட்ட நிதியிலிருந்தே ஒதுக்க முடியும். அதற்கு டெல்லியின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒதுக்கீடு தானாக வராது. பி.டி.ஏ. கூட்டத்தில் பேச்சு எழ வேண்டும், தீர்மானம் எழுத்தில் போக வேண்டும், நம் டிவிஷன் உறுப்பினர் அதைக் கையில் எடுக்க வேண்டும். காய் எடுப்புக் காலத்தில் பி.டி.ஏ. கூட்டத்துக்கு யாரும் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். கூலியை விட்டுவிட்டு வா என்று சொல்லும் தைரியமும் எனக்கில்லை. கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வையுங்கள் என்று தலைமையாசிரியரைக் கேட்கலாம். நல்ல தலைமையாசிரியர்கள் கேட்டால் வைக்கிறார்கள்.

கூட்டத்தில் பேசினால் கருவியை மட்டும் கேட்காதீர்கள். மூலப்பொருளுக்கு வருடாந்தரத் தொகை எவ்வளவு, பயிற்றுநருக்குப் பன்னிரண்டு மாதமும் சம்பளம் உண்டா, மயிலாடும்பாறைக்கோ பாம்பாடும்பாறைக்கோ பிள்ளைகளை வருடத்தில் எத்தனை முறை கூட்டிப்போவீர்கள், தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளக்க தமிழ் தெரிந்த ஒருவர் இருப்பாரா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் திரும்பவும் கேளுங்கள்.

இந்த இதழில் இதை ஒட்டி இரண்டு பகுதிகள் இருக்கின்றன. இடுக்கி மாவட்டத்தில் எந்த வி.எச்.எஸ்.இ. பள்ளியில் என்னென்ன படிப்பு என்ற பட்டியலைத் தமிழில் கொடுத்திருக்கிறோம். அடுத்த அலாட்மென்ட்டுக்கு முன்னால் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்றிதழுக்கு எந்தெந்த ஆவணங்களை ஏற்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு வழக்கறிஞர் எழுதியிருக்கிறார். அதை நிதானமாக, பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துக்காட்டுங்கள். பழைய பெட்டியில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் வார்டில் கைவேலை தெரிந்தவர்கள் யார் யார், ஸ்டோர் பார்ப்பவர், மோட்டார் கட்டுபவர், ஜீப் மெக்கானிக், தேனீ வளர்ப்பவர், தையல்காரர், யாராக இருந்தாலும், வாரத்தில் ஒரு மணி நேரம் பள்ளிக்கு வந்து சொல்லிக்கொடுக்கச் சம்மதிப்பார்களா என்று விசாரித்து எழுதுங்கள். அவர்களுடைய சம்மதம் இல்லாமல் பெயர் அச்சிட மாட்டோம். வந்த விவரங்களைத் தொகுத்து, ஓணம் விடுமுறைக்கு முன்னால் மாவட்டப் பஞ்சாயத்துக்கு ஒரு மனுவோடு கொடுக்கலாம் என்றிருக்கிறோம். தபாலில் அனுப்பினால் போதும். கையெழுத்து எப்படியிருந்தாலும் நாங்கள் படித்துவிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்